கதைக்கடலும் நோயாளியின் மௌனமும்

கதை சொல்வதையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் மேடையேறி வாய் திறக்கிறார், கதை வரவில்லை. மனைவி பிரிந்த துயரம் அவருடைய சொற்களை வற்றச் செய்துவிட்டது. சல்மான் ருஷ்டி தம் மகனுக்காக எழுதி, 1990ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த 'ஹாரூனும் கதைக்கடலும்' என்னும் நாவலின் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சி இது. தந்தையின் சொல்வன்மையை மீட்க மகன் ஹாரூன் விந்தை நிலவு ஒன்றுக்குச் செல்கிறான். அங்கே கதைகளெல்லாம் வண்ண நீரோட்டங்களாக ஓடும் கடல் இருக்கிறது. ஏடுகளில் உறையாமல், ஒன்றோடொன்று கலந்து புதிதாகிக்கொண்டே இருக்கும் மாய நூலகம் அது. பேச்சை வெறுக்கும் பகைவன் ஒருவன் அதில் நஞ்சு கலக்கிறான். ஊற்றுக்கண்ணையும் அடைக்க முயல்கிறான்.

இக்கடல் நமக்கு அயலானதன்று. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர், அரசி சூரியமதியின் மனத்தை மகிழ்விக்க இயற்றிய 'கதாசரித்சாகரம்' என்னும் வடமொழி நூலின் பெயரே நாவலில் எதிரொலிக்கிறது. நாம் சிறுவயதில் 'அம்புலிமாமா'வில் படித்த வேதாளக் கதைகளின் பழைய வடிவங்கள் அந்நூலில் உள்ளன. அதற்கு மூலமான குணாட்டியரின் 'பிருகத்கதை'யே தமிழில் கொங்குவேளிரின் 'பெருங்கதை'க்கும் வழிவகுத்தது.

மருத்துவமனைப் படுக்கையிலும் அந்தக் கதைசொல்லியின் மௌனத்தை நாங்கள் காண்கிறோம். பென்னாகரம், அரூர்ப் பகுதிச் சிற்றூர்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து, அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சுவைபடச் சொன்ன பெரியவர், இங்கே 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். உறவினர் பேச்சும் சர்க்கரை அளவு, ஸ்கேன் முடிவு, மருந்துச் செலவு என்று சுருங்கிவிடுகிறது.

எனினும், எல்லா மௌனமும் துயரத்தால் வருவதன்று. வாய் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழத்தல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் நேர்ந்தால் 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். முதியவர் ஓரிரு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல், இரவு பகல் மயங்கி, அரைத்தூக்கத்தில் கிடந்தால், தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, உப்புச்சத்து மாறுபாடோ, மருந்தின் விளைவோ காரணமாகலாம். அதையும் உடனே தெரிவியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வும் நாட்டமின்மையும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

இவற்றைக் கவனித்த பின் கதைக்கு இடமளிப்போம். பிரேசில் நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 81 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு குழுவினர் கதை கேட்டனர். மற்றவர் விடுகதைகளுக்கு விடை கண்டனர். வலியும் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோலும் இரு குழுவினரிடமும் குறைந்தன. கதை கேட்டவர்களிடம் கூடுதலாகக் குறைந்தன. கதை மருந்துக்கு மாற்றாகாது; மருந்தோடு சேர்ந்து நின்று உதவும்.

குழந்தைக்கு நீங்கள் கதை சொல்லுங்கள். பெரியவரிடமோ கதை கேளுங்கள். முதலில் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் அணிவியுங்கள். "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காமல், "கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் எப்படி ஆடுவார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பக்கவாதத்தால் சொல் வராதவரிடம் சிறு வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். சைகையும் படமும் உதவும். மூச்சுத்திணறல் உள்ளவரைப் பேசத் தூண்ட வேண்டா. அவருக்கு நீங்கள் சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கையாளரின் உறக்கம் கெடாதிருக்கப் பகலிலோ முன்மாலையிலோ மெல்லிய குரலில் பேசுவது நன்று.

நாவலில் கடலை மீட்க மகன் போராடினான். ஆனால் மேடையில் கதையைச் சொன்னவர் தந்தையே. அக்கடலில் நடந்ததையே அவர் தம் கதையாக்கினார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் அந்த வாய்ப்பை அளியுங்கள். நாளைக் காலைச் சுற்றில் நாங்கள் அவர் படுக்கையருகே வரும்போது, அவர் சொன்ன கதையையும் எங்களிடம் கூறுங்கள். அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினார் என்பது எங்களுக்கும் பயன்படும் செய்தி.