சந்தையும் ஓடுபாதையும்

நுழையும்முன்

பண்டங்களைக் கைமாற்ற மக்கள் கூடிய இடங்களில் ஊர்கள் வளர்ந்தன. ஆற்றங்கரை, கடல்துறை, சாலைச் சந்திப்பு, தொடர்வண்டி நிலையம் என அவ்விடங்கள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. இன்று அவ்வரிசையில் விமான நிலையமும் இடம்பெற்றுள்ளது. ஒரு வட்டாரத்தின் பொருளியல் வளர்ச்சிக்கு விமான நிலையம் எவ்வாறு துணைசெய்கிறது? அதன் பயன் யாரைச் சேர்கிறது? அதன் சுமை யார்மீது விழுகிறது? கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

சாலை தந்த சந்தை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிற்றூர் குந்தாரப்பள்ளி. இவ்வூரில் வெள்ளிக்கிழமைதோறும் வாரச்சந்தை கூடுகிறது. ஆடுகளை ஓட்டிவரும் உழவர்களும், அவற்றை வாங்கிச் செல்லும் வணிகர்களும் விடியற்காலையிலேயே அங்குத் திரண்டுவிடுவர். பண்டிகைக் காலங்களில் வெளிமாவட்டத்தாரும் அண்டை மாநிலத்தாரும் வருவதுண்டு. சுற்றுப்புற ஊர்களின் ஆடுகளுக்கு இங்கு நல்ல விலை கிடைப்பதற்கு முதன்மையான காரணம் சாலை. வாங்குவோர் எளிதாக வந்துசேரும் இடத்தில் விற்போருக்குப் பேரம் பேசும் வலிமை கூடுகிறது.

குந்தாரப்பள்ளியைக் கடந்துசெல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தெற்கே கன்னியாகுமரி வரையிலும் வடக்கே ஸ்ரீநகர் வரையிலும் நீள்கிறது. அச்சாலையில் வடதிசை நோக்கிப் பயணம் செய்தால் சூளகிரி, ஓசூர் ஆகிய ஊர்களைக் கடந்து பெங்களூரு மாநகரினுள் நுழையலாம். நகரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் தேவனஹள்ளி வரும். அங்கேதான் கெம்பே கவுடா பன்னாட்டு விமான நிலையம் உள்ளது. 2024ஆம் ஆண்டில் அந்நிலையத்தைப் பயன்படுத்திய பயணிகள் 4 கோடிக்கும் மேற்பட்டோர். ஆட்டுச் சந்தையையும் விமான நிலையத்தையும் ஒரே சாலை இணைக்கிறது. தொலைவில் உள்ளோரை ஓரிடத்தில் கூட்டுவித்துப் பொருளுக்கு மதிப்பைக் கூட்டுதல் இரண்டுக்கும் பொதுவான பணியாகும்.

காலமே விலையாகும் பொருள்கள்

எல்லாப் பொருள்களும் விமானத்தில் செல்வதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்திற்குப் பெயர்பெற்றது. இங்கு விளையும் தோத்தாபுரி மாம்பழம் ஆலைகளில் கூழாக்கப்பட்டு, நுண்ணுயிர் புகாவண்ணம் அடைக்கப்படுகிறது. அக்கூழ் பல மாதங்கள் கெடாது, எடையும் மிகுதி. ஆகவே அது சரக்குப் பெட்டகங்களில் ஏறிக் கப்பல் வழியாக அயல்நாடு செல்கிறது.

ஓசூர் ரோசா மலரின் நிலை வேறு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் மிதமான தட்பவெப்பம் மலர்ச் சாகுபடிக்கு ஏற்றது. பசுமைக்குடில்களில் மொட்டுநிலையிலேயே கொய்யப்படும் மலர்கள் தரம் பிரிக்கப்பட்டுக் குளிர் அறைகளில் வைக்கப்படுகின்றன. பின்னர்க் குளிரூட்டப்பட்ட ஊர்திகளில் பெங்களூரு விமான நிலையத்தைச் சென்றடைகின்றன. பிப்ரவரி 14ஆம் நாளை ஒட்டி அயல்நாடுகளுக்குச் செல்லும் ரோசா, அந்நாள் கழிந்தபின் சென்றால் உரிய விலை பெறாது. எடையில் குறைந்து, விலையில் உயர்ந்து, விரைவில் அழியக்கூடிய பொருளுக்கு வான்வழியே ஏற்ற வழி.

மின்னணுக் கருவிகளும் மருந்துகளும் இயந்திர உதிரிப் பாகங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. உலக வணிகத்தில் வான்வழிச் செல்லும் சரக்கு, எடை அளவில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. மதிப்பு அளவிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மேலும், பயணியர் விமானங்களின் அடிப்பகுதியிலும் சரக்கு ஏற்றப்படுகிறது. எந்த நாட்டிற்குப் பயணியர் விமானம் நாள்தோறும் செல்கிறதோ, அந்த நாட்டிற்கு மலர் அனுப்புவதும் எளிதாகிறது. விமானத்தில் ஒருமுறையும் ஏறியிராத ஓர் உழவரின் வருவாயும் விமான கால அட்டவணையோடு பிணைந்திருப்பதை இதனால் அறியலாம்.

வானம் திறந்த வரலாறு

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து மும்பைக்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அவ்வஞ்சல் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இந்திய வான்வழிப் போக்குவரத்தின் தொடக்கப் பக்கத்திலேயே சென்னைக்கும் இடமுண்டு. 1953ஆம் ஆண்டு விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன்பின் நாற்பதாண்டுக் காலம் அரசு நிறுவனங்களே பெரும்பாலும் வானில் பறந்தன. 1991இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து, 1994இல் அத்தனியுரிமை நீக்கப்பட்டது. 1995இல் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் அமைந்தது.

விமானங்கள் பெருகின, நிலையங்களோ பழைய அளவிலேயே இருந்தன. அவற்றைப் புதுப்பிக்கப் பெருமுதல் தேவைப்பட்டது. இதற்குக் கண்டறியப்பட்ட வழிதான் அரசும் தனியாரும் இணைந்து செயல்படும் கூட்டு முயற்சி. வெளிநாடுவாழ் மலையாளிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோரின் முதலீட்டையும் கொண்டு 1999இல் கொச்சி விமான நிலையம் திறக்கப்பட்டது. 2015இல் அந்நிலையம் முழுவதும் சூரிய ஆற்றலால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்னும் பெருமையைப் பெற்றது. 2006இல் தில்லி, மும்பை நிலையங்களின் மேலாண்மை கூட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2008இல் ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் முற்றிலும் புதிய நிலையங்கள் எழுந்தன.

தமிழ்நாட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. சென்னையில் 2023ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளியில் 2024ஆம் ஆண்டிலும், தூத்துக்குடியில் 2025ஆம் ஆண்டிலும் புதிய முனையங்கள் திறந்துவைக்கப்பட்டன. உள்நாட்டு விமானப் பயணத்தில் அமெரிக்கா, சீனா ஆகிய நாடுகளுக்கு அடுத்த இடத்தில் இந்தியா உள்ளது. 2024ஆம் ஆண்டில் மட்டும் உள்நாட்டு விமானங்களில் பயணம் செய்தோர் எண்ணிக்கை 16 கோடியைக் கடந்தது.

ஓசூரைச் சூழ்ந்த வட்டம்

1970களில் சிப்காட் தொழில் வளாகம் ஓசூரில் உருவானது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் அங்கு அமைந்தன. சரக்குந்து, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் எனத் தொடங்கிய உற்பத்தி, இன்று மின்வாகனம், மின்னணுக் கருவிகள் என விரிந்துள்ளது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இத்துணை வளர்ந்த நகருக்குப் பயணியர் விமான நிலையம் இல்லை. ஓசூர் அருகே பெலகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அது விமானப் பராமரிப்பு போன்ற பணிகளுக்குப் பயன்படுகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவே. ஆனால் சாலைவழிச் செல்வோர் மாநகரின் நெரிசலைக் கடந்தாக வேண்டும். விமானத்தில் சென்னைக்குப் பறக்கும் நேரத்தைவிட விமான நிலையத்தை அடையும் நேரம் மிகுதியாகிவிடுகிறது.

இந்நிலைக்கு ஓர் ஒப்பந்தமும் காரணம். பெங்களூரு விமான நிலையத்தை அமைக்க 2004இல் மத்திய அரசும் பெங்களூரு பன்னாட்டு விமான நிலைய நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. நிலையம் திறக்கப்பட்ட நாள்முதல் 25 ஆண்டுகள் நிறைவுறும்வரை, 150 கிலோமீட்டர் வான்வழித் தொலைவுக்குள் வேறொரு பன்னாட்டு விமான நிலையம் உருவாக இசைவளிப்பதில்லை என்பது அதன் விதிகளுள் ஒன்று. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் விதிவிலக்கு உண்டு. நிலையம் திறக்கப்பட்டது 2008 மே மாதத்தில். எனவே இவ்விதி 2033 வரை நீடிக்கும்.

இத்தகைய விதி ஏன் சேர்க்கப்பட்டது? விமான நிலையம் அமைப்போர் பெருந்தொகையைக் கடனாகப் பெற்று முதலிடுகின்றனர். அத்தொகை திரும்பக் கிடைக்கப் பல்லாண்டுகள் ஆகும். இடையில் அருகிலேயே மற்றொரு நிலையம் தோன்றினால் பயணிகள் இரண்டாகப் பிரிவர். கடன் கொடுத்தோர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நீக்கவே இப்பாதுகாப்பு வழங்கப்பட்டது. பெங்களூருவுக்கு அது நன்மை பயத்தது. ஆனால் அவ்வொப்பந்தத்தில் பங்குபெறாத ஓசூரும் கிருஷ்ணகிரியும் அவ்வட்டத்திற்குள் அடங்கிவிட்டன. ஒருவர் நலனைக் காக்கும் விதி மற்றொருவர் வாய்ப்பைக் கட்டுப்படுத்தவும் கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் வகையில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் எனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அறிவிப்பிலிருந்து ஓடுபாதை வரையிலான வழி நீண்டது. மத்திய அரசின் இட ஒப்புதல், கொள்கை அளவிலான இசைவு, பாதுகாப்புத் துறையின் வான்வெளி அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி, நிலம் கையகப்படுத்தல் என்னும் படிகளைக் கடக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கைகளுக்குப் போதிய ஏற்றுவிசை கிடைக்க விமானம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். எந்திரத்தின் உந்துவிசையும் அங்குச் சற்றுக் குறையும். எனவே ஓடுபாதை நீளமாக இருத்தல் வேண்டும். கடற்கரையை அடுத்த சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ 3,660 மீட்டர் நீளமுடையது. மேட்டுநிலத்தில் உள்ள பெங்களூருவின் ஓடுபாதைகள் ஒவ்வொன்றும் 4,000 மீட்டர் நீளமுடையவை.

ஓடுபாதை மட்டும் போதுமா?

ஓடுபாதை இருந்தால் மட்டும் விமானம் வந்துவிடாது. இதனைச் சேலத்தின் வரலாறு உணர்த்துகிறது. ஓமலூர் அருகே உள்ள சேலம் விமான நிலையம் பெங்களூருவின் 150 கிலோமீட்டர் வட்டத்திற்குச் சற்று வெளியே அமைந்தது. 1993இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் விமானச் சேவை நிலைபெறவில்லை. சிறுநகரங்களை வான்வழியில் இணைக்கும் உதான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்கு மீண்டும் விமானம் பறந்தது. பின்னர் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் சேவை மறுபடியும் உயிர்பெற்றது.

விமானத்தின் இருக்கைகள் போதிய அளவு நிரம்பினால்தான் எரிபொருள், ஊழியர் ஊதியம், விமான வாடகை ஆகிய செலவுகளை நிறுவனம் ஈடுசெய்ய முடியும். உதான் திட்டத்தில் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதித்து, அதனால் ஏற்படும் இழப்பின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம்வரை அரசு ஈடுசெய்கிறது. அக்காலத்திற்குள் பயணிகள் பெருகாவிடின் சேவை தளர்ந்துவிடும்.

விமான நிலையத்திற்கும் வரவுசெலவுக் கணக்கு உண்டு. விமானம் தரையிறங்கவும் நிறுத்தவும் பெறும் கட்டணம், பயணிகளிடம் பெறும் மேம்பாட்டுக் கட்டணம் ஆகியவை ஒருவகை வருவாய். கடைகள், உணவகங்கள், ஊர்தி நிறுத்துமிடங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றால் வருவது மற்றொரு வகை. பெரிய விமான நிலையங்களின் முதல்வகைக் கட்டணங்களை வரையறுக்க ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று 2009இல் அமைக்கப்பட்டது. பளபளக்கும் முனையத்தின் செலவு இறுதியில் பயணச்சீட்டிலும் எதிரொலிக்கும். ஆதலால் நவீனமாக்கல் என்பதைக் கட்டடத்தின் அழகைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. குளிர்பதனக் கிடங்கு, விரைவான சுங்கச் சோதனை, பேருந்து மற்றும் தொடர்வண்டி இணைப்பு, எளியோரும் செலுத்தக்கூடிய கட்டணம் ஆகியவையும் அதன் அளவுகோல்களாகும்.

நிலம் என்னும் விலை

விமான நிலையம் கேட்கும் விலைகளுள் மிகப் பெரியது நிலம். பெங்களூரு நிலையம் ஏறத்தாழ 4000 ஏக்கரில் விரிந்துள்ளது. ஓசூருக்கு அறிவிக்கப்பட்ட 2000 ஏக்கர் என்பது ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டர். பல சிற்றூர்களின் வயல்களும் தோட்டங்களும் ஏரிகளும் அடங்கக்கூடிய பரப்பு அது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாகத் திட்டமிடப்பட்ட பரந்தூரில், ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் 2022 முதல் தங்கள் நிலத்தையும் நீர்நிலைகளையும் காக்கக் கோரிப் போராடிவந்துள்ளனர்.

நியாயமான இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஆகியவற்றை உறுதிசெய்ய 2013ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எனினும் நிலத்தின் மதிப்பு முழுவதும் பணத்தில் அடங்குவதில்லை. ஓர் ஏக்கர் நிலத்தை நம்பி அதன் உரிமையாளர் மட்டுமல்லாமல், அதில் கூலிவேலை செய்வோரும் ஆடு மேய்ப்போரும் வாழ்கின்றனர். உரிமையாளர் இழப்பீடு பெறுவார். மேய்ச்சல் நிலத்தை இழந்தவர் பெயர் பத்திரத்தில் இராது. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் ஒருவரின் பார்வையில் இது சிறிய செய்தியன்று.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலை தேடிப் பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் நாள்தோறும் செல்லும் இளைஞர்கள் இவ்வட்டாரத்தில் பலர். தொழிற்சாலைகள் பெருகினால் சொந்த ஊரின் அருகிலேயே அவர்களுக்குப் பணி கிட்டும். மலர் பயிரிடுவோருக்குச் சந்தை விரியும். இவையும் உண்மையான நலன்களே. நலன் ஒருவருக்கும் இழப்பு மற்றொருவருக்குமாகப் பிரியும்போது, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கணக்கிடுவதே நேர்மையான திட்டமிடலாகும்.

நிறைவாக

குந்தாரப்பள்ளியில் சாலை வந்தது. அதனால் சந்தை செழித்தது. அச்சந்தையில் தன் ஆட்டைத் தானே பேரம் பேசி விற்கும் உரிமை உழவருக்கு இருக்கிறது. விலை கட்டாவிடில் ஆட்டைத் திரும்ப ஓட்டிச் செல்லவும் அவரால் இயலும். ஓடுபாதைக்கு நிலம் கொடுப்பவருக்கும் அத்தகைய குரல் இருத்தல் வேண்டும். நாட்டின் வளர்ச்சியை எத்தனை விமானங்கள் பறக்கின்றன என்பதோடு, அவ்விமானங்களால் தரையில் வாழ்வோர் எத்தனை பேர் உயர்ந்தனர் என்பதையும் கொண்டு அளந்தறிய வேண்டும். நாளை இவ்வினாக்களுக்கு அலுவலர்களாகவும் பொறியாளர்களாகவும் உழவர்களாகவும் வாக்காளர்களாகவும் விடைகாணப்போகும் தலைமுறை, இன்று வகுப்பறையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விளையும் அல்லது உற்பத்தியாகும் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் சாலை, கடல், வான்வழிகளில் அனுப்பத் தக்கவை எவை எனக் காரணத்துடன் வகைப்படுத்துக.

2. உங்கள் பகுதியில் புதிய விமான நிலையம் அமைவதாகக் கொண்டு, உழவர், தொழில்முனைவோர், மாணவர், ஆடு மேய்ப்பவர் ஆகிய நால்வர் உரையாடுவதுபோல் வகுப்பறையில் நிகழ்த்துக.

3. பெங்களூரு விமான நிலையத்திற்கான 150 கிலோமீட்டர் விதி தேவையானதா? ஏற்றும் மறுத்தும் இருபக்கக் கருத்துகளையும் எழுதி, உங்கள் முடிவைத் தருக.