ஏழு நாளும் ஓர் எண்ணும்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். கொழும்பிலே நல்ல உத்தியோகத்தைத் துறந்து, நண்பர் இருவரோடு சேர்ந்து, இக்காலத்தார் ‘ஸ்டார்ட் அப்’ என வழங்கும் புதுத்தொழில் ஒன்றைத் தொடங்கியவர். சிறு கடைக்காரர் தம் கடன் கணக்கைக் கைத்தொலைபேசியிலே பதிந்து வைக்க உதவும் செயலி அது. கையிலுள்ள பணம் இன்னும் 8 மாதத்துக்கே காணும்.

“ஐயா, திங்கள் விடிகிறது, கண்மூடித் திறக்கமுன் வெள்ளி பொழுதுபடுகிறது. இரவு பகலாய் உழைக்கிறோம். ஆனால், செய்தது என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை” என்றார்.

சோம்பலாற் காலம் இழப்பார்க்கு மருந்து எளிது. உழைப்பாலேயே காலம் இழப்பார்க்கு மருந்து யாது? இவ்வினாவே ஈண்டு ஆராயத்தக்கது.

புதுத்தொழில் முதல்வர்க்கு வழிகாட்டும் வை கொம்பினேட்டர் என்னும் அமெரிக்க நிறுவனத்தை 2005 இல் தொடங்கியோருள் ஒருவர் போல் கிரகாம். அவர் 2009 இல் எழுதிய கட்டுரை ஒன்றிலே காலத்தை இருவகையாகப் பகுத்தார். ஒன்று நிருவகிப்போர் காலம். அது மணிக்கணக்கிலே துண்டுபடுவது. மற்றையது ஆக்குவோர் காலம். அதற்கு அரைநாளேனும் இடையறாது வேண்டும். பிற்பகலின் நடுவே வைத்த ஒரு கூட்டம், அப்பொழுதை இரு துண்டாக்கி இரண்டையும் பயனற்றனவாக்கிவிடும் என்பது அவர் கருத்து.

ஆசிரியராகிய நமக்கு இது புதிதன்று. 40 நிமிடப் பாடவேளைகளால் அமைந்த நேரசூசியிலே கற்பித்தல் நன்கு நடைபெறும். ஆயின், இரு பாடவேளைக்கிடையே ஒரு நூலுக்கு உரை எழுதப் புகுந்தவர், மணியோசை கேட்டு எழுந்து சென்று மீளும்போது, சொல்லும் பொருளும் சிதறிக் கிடத்தலையே காண்பர். தொழில் முதல்வரின் இடர் யாதெனின், ஆக்குவோரும் நிருவகிப்போரும் அவரே ஆதல்.

கிரகாம் தாம் 1995 இல் தொடங்கிய தொழிலிலே, இரவுணவின் பின் பின்னிரவு 3 மணிவரை நிரல் எழுதுவார். முற்பகல் 11 மணியளவில் எழுந்து மாலைவரை ஏனைய அலுவல்களைப் பார்ப்பார். அவர்தம் இரவு விழிப்பை யான் புகழவில்லை. இரு காலத்தையும் கலவாது காத்த வேலியையே புகழ்கின்றேன்.

வேலி மட்டும் போதுமோ? உள்ளே விதைப்பதும் வேண்டுமன்றோ? 2009 தொடக்கத்தில் பிரயன் செஸ்கி முதலிய மூவர், எயார்பிஎன்பி என்னும் தம் தொழிலோடு வை கொம்பினேட்டரின் மூன்று மாதப் பயிற்சியில் இருந்தனர். வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவுவது அத்தொழில். வாரவருவாய் ஏறத்தாழ 200 டொலரிலே நின்றுவிட்டது. அறைகளின் படங்கள் அழகற்றிருத்தலே குறை எனக் கண்டு, கணினியை விட்டெழுந்து நியூயோர்க் சென்று, வீடு வீடாகப் புகுந்து நல்ல படங்கள் எடுத்தனர். வருவாய் இரட்டித்து 400 டொலர் ஆயிற்று. 2020 டிசெம்பரில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

திருக்குறள் வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும், அதனை அடுத்து இடனறிதலையும் வைத்த முறை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. தம் வலி மூவர் கையளவே என்றும், காலம் மூன்று மாதமே என்றும் அறிந்தமையாலன்றோ, செல்லவேண்டிய இடத்தையும் அவர்கள் துணிந்தனர்!

அவர்தம் முன்னேற்றத்தைக் காட்டியது வாரவருவாய் என்னும் ஓர் எண். வாரத்துக்கு 5 முதல் 7 சதவீத வளர்ச்சி நன்று என்று கிரகாம் 2012 இல் எழுதினார். வாரம் 5 சதவீதம் வளர்வது 52 வாரத்தில் 12 மடங்குக்கு மேலாகும். 1 சதவீதம் வளர்வது இரு மடங்கும் ஆகாது.

மாணவரிடம் சொன்னேன்: “தம்பி, ஒரு தாளிலே வாரத்தை வரையும். ஐந்து முற்பகலும் ஆக்கத்துக்கு. அப்போது தொலைபேசி வேண்டாம். மூன்று பிற்பகல் கடைக்காரரை நேரிற் காண்பதற்கு. இரண்டு பிற்பகல் கணக்குக்கும் கடிதத்துக்கும் கூட்டத்துக்கும். சனி, மிச்சம் கிடந்தவற்றுக்கு. ஞாயிறு, வீட்டாருக்கு. வெள்ளி மாலைதோறும், அவ்வாரம் செயலியை நாளும் கையாண்ட கடைக்காரர் எத்தனைபேர் என்று எழுதும்.”

“எட்டு மாதம் போதுமா, ஐயா?”

“மாதம் என்று எண்ணாதீர். உம்மிடம் ஏறக்குறைய 34 வெள்ளிக்கிழமைகள் உண்டு என்று எண்ணும்.”

சென்ற வெள்ளி மாலை அவரிடமிருந்து ஒரே ஓர் எண் வந்தது: 11. முன்னைய வாரம் 9. சிறிய எண்தான், ஆயினும், அவ்வாரம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை.