மூன்று துளையும் ஒரு மில்லிமீட்டரும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பள்ளி அணியில் பவுலிங் ஆடுகிறாள். அவளுக்கென்று சொந்தப் பந்து வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்கள். துளை போடுகிறவர் பந்தின் மேலிருந்த சின்னக் குழி ஒன்றைக் காட்டி, “சி.ஜி.யை எந்தப் பக்கம் வைக்கட்டும்?” என்று கேட்டாராம். “உருண்டைக்கு ஏது சார் பக்கம்? காசு பிடுங்கும் வேலையா இது?” என்கிறார் வாசகர்.

உருண்டைக்குப் பக்கம் உண்டு. காசு பிடுங்கும் வேலை என்றும் சொல்ல மாட்டேன். கடைக்காரர் தப்பான புள்ளியைக் காட்டிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. நேரே பந்துக்குள் போய்விடுவோம். சொந்தப் பந்து வாங்குகிறவருக்கு அது துளையே இல்லாமல்தான் வரும். உள்ளே ‘கோர்’ என்று கனமான கட்டி ஒன்று இருக்கும். அதன் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும். அச்சுக்குள் கோரை ஒரு கம்பியில் நிறுத்திவைத்துச் சுற்றிலும் பிசினை ஊற்றுவார்கள். இறுகியபின் கம்பி இருந்த ஓட்டையை வேறு நிறப் பிசினால் அடைப்பார்கள். பந்தின் மேல் தெரிகிற வண்ணப் பொட்டு அதுதான். ‘பின்’ என்று பெயர். கோரின் தலை எந்தத் திசையில் இருக்கிறது என்று அது சொல்லும். பக்கத்தில் இருக்கும் குழி, பந்தின் கனமான பக்கத்துக்கு அடையாளம். சி.ஜி. எனப்படும் ஈர்ப்பு மையம் அந்தக் குழிக்கு நேர் கீழே இருக்கிறது.

எவ்வளவு கீழே என்பதில்தான் வேடிக்கை. பொட்டுக்கும் குழிக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் இருப்பது சாதாரணம். அதைப் பார்க்கிறவர், ஈர்ப்பு மையம் எங்கோ ஓரத்தில் தோலுக்கு அடியில் கிடப்பதாக நினைத்துக்கொள்வார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 பவுண்டுப் பந்து என்றால் 256 அவுன்ஸ். குறுக்களவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். ஒரு பாதி மறுபாதியைவிட 3 அவுன்ஸ் கூடுதல் கனம் என்று வைத்துக்கொண்டால், ஈர்ப்பு மையம் நட்டநடுவிலிருந்து விலகுவது சுமார் அரை மில்லிமீட்டர். அந்த 3 அவுன்ஸும் மேல்தோலிலேயே ஒட்டியிருக்கிறது என்று வைத்தாலும் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் வரும். மேலே அங்குலக் கணக்கில் தெரிவது உள்ளே மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

பின்னே ஏன் இத்தனை பேர் அந்தக் குழியைச் சுற்றி வருகிறார்கள்? பழைய ரப்பர், பிளாஸ்டிக் பந்துகளில் உள்ளே தட்டையான எடைக்கட்டி மட்டும் இருந்தது. துளை போடும்போது போகிற எடையை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. துளை போடுகிறவர் விளையாடிப் பார்க்க அந்த ஓரிரு அவுன்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. 1990களில் எண்ணெயை உறிஞ்சும் ரியாக்டிவ் ரெசின் பந்துகளும் விதவிதமான கோர்களும் வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. சமச்சீரில்லாத கோர்களை வடிவமைப்பதில் பெயர்பெற்ற அமெரிக்கர் மோ பினெல் 2021இல்தான் மறைந்தார். பந்து மாறியது, கடைப் பேச்சு மட்டும் பழைய குழியிலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் விதி வகுக்கும் யு.எஸ்.பி.சி. அமைப்பு 2020 ஆகஸ்ட் 1 முதல் எடையைச் சரிக்கட்டப் போடும் கூடுதல் துளையைத் தடைசெய்தது. அதோடு, பக்கவாட்டில் 1 அவுன்ஸ் என்றிருந்த எடை வித்தியாச வரம்பை 3 அவுன்ஸாக உயர்த்தியும் விட்டது. அந்த எடைக்கு அவர்கள் பயப்படவில்லை என்பது தெரிகிறதல்லவா?

பார்க்க வேண்டியது பொட்டைத்தான். உங்கள் மகள் பந்தை விட்டதும் அது ஓர் அச்சில் சுழலத் தொடங்கும். அந்த அச்சின் முனை பந்தின் தோலைத் தொடும் இடம் ஆளுக்கு ஆள் வேறு, ‘பி.ஏ.பி.’ என்பார்கள். அந்த இடத்திலிருந்து பொட்டு எவ்வளவு தூரம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. பந்தின் சுற்றளவு 27 அங்குலம், கால் சுற்று 6¾ அங்குலம். பொட்டு அச்சு முனையிலேயே இருந்தாலும், 6¾ அங்குலம் தள்ளி இருந்தாலும் பந்து அமைதியாகச் சுற்றும். இரண்டுக்கும் சரிபாதியில், 3⅜ அங்குலத்தில் வைத்தால் தடுமாற்றம் உச்சத்துக்குப் போகும். சிறுவயதில் பம்பரத்துக்கு நாங்களே ஆணி அடிப்போம். ஆணி கொஞ்சம் சாய்ந்து இறங்கிவிட்டால் பம்பரம் தூங்காது. தலையை ஆட்டிக்கொண்டே திரியும். பம்பரத்தில் குறையாக இருப்பதை இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

காரணம், தளத்தில் பூசிய எண்ணெய். 60 அடித் தளத்தில் பெரும்பாலும் முதல் 40 அடி வரை எண்ணெய் இருக்கும். பந்து ஒரே அச்சில் சுற்றினால், எண்ணெய் பட்ட அதே வளையம்தான் திரும்பத் திரும்பத் தரையைத் தொடும்; பிடிப்பே கிடைக்காது. அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய, உலர்ந்த தோல் தரையில் படும். அதனால்தான் கடைசி 20 அடியில் பந்து சட்டென்று உள்ளே திரும்புகிறது. திரும்பி வந்த பந்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டி, அங்கிருந்து விலகி விரிந்துகொண்டே போவது தெரியும். எல்லா வளையமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தால், அந்தப் பந்தில் கோர் பெயருக்குத்தான் இருக்கிறது.

இவ்வளவும் துளை கைக்குப் பொருந்தினால்தான் பலிக்கும். மால்களில் பார்க்கிறேன்: நிறத்தைப் பார்த்துத்தான் பந்தை எடுக்கிறோம். கட்டைவிரல் துளை லொடலொடவென்று இருக்கும். நழுவாமலிருக்க விரலை மடக்கி இறுக்கிப் பிடித்து வீசிவிட்டு, மறுநாள் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்க்கிறோம். கருவி கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நினைப்பே நமக்குக் குறைவு. இடக்கைப் பிள்ளையிடம் வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு, ‘வெட்டத் தெரியவில்லை’ என்று அதையே திட்டுகிறவர்கள்தானே நாம்!

வாசகருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முதலில் மகளின் விரலுக்கும் உள்ளங்கை அகலத்துக்கும் துளை சரியாக அமையட்டும். வளர்கிற கை; இறுக்கமானால் துளையை அடைத்து மறுபடி போடலாம், தயங்க வேண்டாம். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பந்தின் எண்ணெயைத் துணியால் துடைக்கப் பழக்குங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பந்தைப் போட்டுவைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். அதற்கப்புறம் பொட்டு. குழியைப் பற்றிய கவலை கடைசியில் போதும். துளை போடுவதற்கு முன்னால், அவள் நாலு பந்து வீசுவதைக் கடைக்காரர் நின்று பார்த்து, அச்சு முனையைக் குறித்துக்கொண்டால் அவர் தொழில் தெரிந்தவர். பார்க்காமலே துரப்பணத்தை எடுத்தால், வேறு கடைக்குப் போய்விடுங்கள்.