நத்தைக்குச் சீக்கு வந்தால்

திண்டுக்கல் பக்கம் வீட்டில் நத்தை வளர்க்கிறார்கள் என்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மீன்தொட்டிக் கடையில் பிள்ளைகள் கேட்டு வாங்கி வந்த மஞ்சள் நத்தை, குளத்துக் கரையில் பொறுக்கி வந்த நாட்டு நத்தை, அல்லது மழைக்குப் பிறகு தோட்டத்துச் சுவரில் ஊர்ந்த பெரிய ஆப்பிரிக்க நத்தை. முதல் இரண்டும் தண்ணீரில் வாழ்பவை, மூன்றாவது தரையில். மூன்றில் எதற்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், முதலில் பார்க்க வேண்டியது ஓட்டை.

ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய போர்வைத் தோல்தான் அதைச் சுரந்து, வாய்ப்பக்க விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறது. ஆகவே விளிம்பு கண்ணாடி மாதிரி மெலிந்து உடைகிறது என்றால் இப்போது சத்து போதவில்லை என்று பொருள். உச்சிப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்தால், தண்ணீர் அமிலமாக இருந்து ஓட்டைக் கரைத்திருக்கிறது.

இங்கேதான் நல்லது செய்வதாக நினைத்துப் பலரும் தவறு செய்கிறார்கள். நத்தைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிந்த தண்ணீரில் உப்புகளோடு கால்சியமும் போய்விடுகிறது. நாம் அலுத்துக்கொள்ளும் போர்த் தண்ணீர் நத்தைக்கு எவ்வளவோ மேல். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது முக்கால்வாசி ஓடு கட்டும் அதே பொருள். ஆனால் கடினத் தண்ணீர் வேறு, கரிக்கும் தண்ணீர் வேறு. தோல் ஆலைகளை ஒட்டிய பகுதிகளில் சில கிணறுகள் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும்; அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆத்தூர் காமராசர் அணையிலிருந்தோ காவிரியிலிருந்தோ வரும் குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் போக வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஓட்டுக்கு மருந்து நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. கடல் நுரை என்று கேளுங்கள்; அது கணவாயின் ஓடு. ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால் நத்தை தானே அரித்துத் தின்னும். கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடும் ஆகும். முருங்கைக்கீரையிலும் கால்சியம் உண்டு. ஆனால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் போடாதீர்கள். அதுவும் கிளிஞ்சலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு காரம். நத்தையின் ஈரத் தோலை வெந்துபோகச் செய்துவிடும்.

உச்சியில் விழுந்த பழைய குழி நிரம்பாது. புதிதாகக் கட்டும் பகுதி உறுதியாக வந்தால் வைத்தியம் பலித்துவிட்டது என்று கொள்ளலாம். கீழே விழுந்து ஓடு விரிந்திருந்தால், உள்பக்கத்திலிருந்து மெல்லிய படலத்தை நத்தையே போட்டு அடைத்துக்கொள்ளும். அதுவரை தூக்காமல், ஈரம் காயாமல் வையுங்கள். ஆனால் போர்வைத் தோல் ஓட்டைவிட்டுக் கழன்று உடல் வெளியே சரிந்துவிட்டால், நானறிந்த வரை மருந்து இல்லை.

அடுத்தது செம்பு. மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மீன் பிழைக்கும், நத்தை சாகும். நம் ஊர்த் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்தலுக்கு அடிக்கும் போர்டோ கலவையே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். ஆகவே திராட்சை இலையையோ, தோட்டத்தில் மருந்தடித்த கீரையையோ நத்தைக்குக் கொடுக்காதீர்கள். சந்தையில் வாங்கிய கீரை என்றால் நன்றாக அலசிக் கொடுங்கள். உப்புத் தூள் எந்த நத்தைக்கும் வைத்தியமல்ல. தரை நத்தைக்குப் படுக்கையாகப் போடும் தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருப்பதால், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து போடவும்.

ஏப்ரல், மே வெயிலில் நத்தை உள்ளே சுருண்டு நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள், பாவம். வறட்சியில் குளத்து நத்தை சேற்றுக்குள் புதைந்து, மூடியை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும் பிறவி. ஆப்பிரிக்க நத்தைக்கு மூடி கிடையாது. சளியைக் காயவைத்து வாயில் திரை போட்டுக்கொள்ளும். எடுத்து மோந்து பாருங்கள். செத்திருந்தால் குமட்டும். தண்ணீர்த் தொட்டியில் செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். அழுகினால் மற்றவையும் போய்விடும். உயிரோடு இருந்தால் நிழலுக்கு மாற்றி, தரை நத்தை என்றால் மேலே தண்ணீர் தெளித்து, காத்திருங்கள். குளத்து நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. மூச்சு வாங்க மேலே வரும் என்பதால் தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

நத்தையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது பிள்ளைகளுக்குக் கட்டாயம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, இளம் பருவத்தை நத்தைக்குள் கழிக்கிறது. அது மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வில் அழற்சி வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரிய ஆப்பிரிக்க நத்தை நம் நாட்டுக்காரன் அல்ல. 1847-இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டதிலிருந்துதான் அது இங்கே பரவியது. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாய் இருப்பதால் எல்லாமே முட்டையிடும், ஒரு தடவைக்கு நூறுக்கு மேல். வளர்க்க அலுத்துவிட்டது என்றோ, சீக்கு தீரவில்லை என்றோ அதைத் தோட்டத்திலும் வாய்க்காலிலும் விட்டுவிடாதீர்கள்.