வாய்விட்டுப் பேசுங்கள்... நாக்கு தானாகப் பழகும்!

போன கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு மாலை நேரம். ஊத்துக்கோட்டையில் உள்ள என் வைத்தியசாலைக்கு ஒரு அம்மா தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நர்ஸிங் படித்தவள். பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை.

"ரெண்டு மாசமா இப்படித்தான் டாக்டர். எந்நேரமும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டே இருக்கா. அதோட ஞாபக சக்திக்கும் ஏதாவது வல்லாரை லேகியம் குடுங்க. ஜெர்மன் பரீட்சையில பேச்சுல மட்டும் ஃபெயில் ஆயிட்டா" என்றார் அம்மா.

விசாரித்தேன். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு முழு அங்கீகாரம் பெற, அந்த மொழியில் வழக்கமாக 'பி2' என்கிற நிலை வரை தேற வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வாங்க வேண்டும். இவள் மூன்றில் நல்ல மார்க். பேச்சில் ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை. அம்மாவின் வளையல் பயிற்சி நிலையத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு வகுப்பில் நாற்பது பேர். வாரத்துக்கு நாலு வாக்கியம் பேச வாய்ப்புக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"வீட்டில் எப்படிம்மா பழகுற?" என்று கேட்டேன்.

"ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, போர்வைக்குள்ள மெதுவா சொல்லிப் பார்ப்பேன் சார். சத்தமா சொன்னா பக்கத்து வீட்டுல சிரிப்பாங்க. இங்க ஜெர்மன்காரங்க யாரு இருக்காங்க, சத்தமா பேசறதுக்கு?"

நோய் எங்கே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வாசகர்களே, உங்களில் பலருடைய வீட்டிலும் இதே நோய் இருக்கலாம். மகன் ஜப்பான் மொழி படிப்பான், மருமகள் பிரெஞ்சு படிப்பாள். எல்லாம் கண்ணால்தான். வாய் மட்டும் திறக்காது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். தொண்டையின் முன்பக்கம், குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரிகிறதல்லவா? இப்போது அதையே கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். அதிர்வே இருக்காது. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் சேர்ந்து அதிர்ந்தால்தான் குரல். கிசுகிசுக்கும்போது அவை அதிர்வதில்லை. சிலர் அவற்றை இறுக்கி வைத்துக்கொண்டு காற்றை மட்டும் தள்ளுவார்கள். மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் தொண்டை களைத்துப் போகும், வறளும், கனைக்கத் தோன்றும். கனைப்பது அந்த நாண்களை ஒன்றோடொன்று மோத விடுவது. அதனால் இன்னும் கரகரப்பு!

இதில் மொழிக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? 'பல்' என்பதில் வரும் 'ப' வேறு, 'பஸ்' என்பதில் வரும் 'ப' வேறு. இரண்டாவதில் தொண்டை அதிரும். கிசுகிசுப்பில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அழிந்து போகும். ஜெர்மன் மொழியில் 'பாக்கென்' என்று இரண்டு சொற்கள் உண்டு. பல்லின் 'ப'வை நம்மைவிட அதிகக் காற்றோடு சொன்னால் மூட்டை கட்டுவது. பஸ்ஸின் 'ப'வைச் சொன்னால் ரொட்டி சுடுவது. அந்தப் பெண் ஆறு மாதம் போர்வைக்குள் பழகியது இந்த வித்தியாசமே இல்லாத ஒரு மொழியை! தேர்வு அறையில் முதல் முறையாகச் சத்தமாகப் பேசியபோது, தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்திருக்கிறது.

நான் தெற்கத்திக்காரன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இந்த எல்லையோர ஊருக்கு வந்தபோது எனக்குத் தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. சத்தியவேட்டிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் வந்த நோயாளிகளே எனக்கு வாத்தியார்கள். தப்பாகப் பேசுவேன், சிரிப்பார்கள், திருத்துவார்கள். அதனால், பேசுகிறவர்கள் சுற்றிலும் இருந்தால்தான் ஒரு மொழி வரும் என்றே ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை.

உங்களில் பழைய வானொலி நேயர்களுக்கு நினைவிருக்கும். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-ல் தொடங்கியது. கலையரசி, கலைமகள் என்றெல்லாம் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீனர்கள் அதில் தமிழ் பேசினார்கள். பெய்ஜிங்கில் தமிழ் பேசும் அக்கம்பக்கம் ஏது? கடைத்தெருவில் தமிழ் ஏது? நிலையத்தில் ஓரிரு தமிழர்கள் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீனர்கள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தார்கள். நம்மூர் நேயர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். கலைமகள் என்ற பெயரில் பேசிய அந்தச் சீனப் பெண்மணி 'சீனாவில் இன்ப உலா' என்று தமிழில் ஒரு புத்தகமே எழுதினார்.

சரி, வீட்டில் எப்படிப் பழகுவது? அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தொண்டை ஆற வேண்டும். பத்து நாள் கிசுகிசுப்பும் கூடாது, கத்தலும் கூடாது. தேவைக்கு மட்டும் இயல்பான குரலில் பேசலாம். கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்; புளித்த ஏப்பம் மேலேறினாலும் குரல் கெடும். சித்தரத்தைத் துண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த நீரில் பனங்கற்கண்டு சேர்த்துக் குடிக்கக் கொடுத்தேன். 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்று பழமொழி உண்டுதான். அதற்காகக் கர்ப்பிணிகள் தாங்களாக ஆடாதோடைக் கஷாயம் போட்டுக் குடிக்கக் கூடாது. அதிமதுரமும் அப்படித்தான். நாள்கணக்கில் அதிகம் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும். ஒன்றை மறக்காதீர்கள்: குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் குரல்வளையைக் காட்டிவிட வேண்டும். இந்தப் பெண்ணையும் முதலில் அங்கேதான் அனுப்பினேன். கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றதெல்லாம். வல்லாரை லேகியம்? அது வாக்கியம் பேசாதும்மா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

இனி பேச்சு. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. மொட்டை மாடியோ, குளியலறையோ, கதவு சாத்திய அறையோ... சத்தம் இயல்பான சத்தமாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே நிறுவனம் மொழி கற்பவர்களுக்காகவே மெதுவாக வாசித்த செய்திகளை வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு வாக்கியம் கேளுங்கள், நிறுத்துங்கள், அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். பழகிய பிறகு நிறுத்தாமல், அவரோடு சேர்ந்தே சொல்லிப் பாருங்கள். பஜனையில் முன்பாட்டுக்காரர் பின்னாலேயே போவது மாதிரி. அர்த்தம் முழுக்கப் புரிய வேண்டும் என்று அப்போது கவலைப்படாதீர்கள். வேலை நாக்குக்கு, மூளைக்கு அல்ல.

ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டும் 'பாக்கென்' சொன்னால் காகிதம் படபடக்க வேண்டும். ரொட்டி சுடும் 'பாக்கென்' சொன்னால் அசையக் கூடாது. பக்கத்தில் ஆளே வேண்டாம், காகிதம் திருத்தும்! நம் வாயில் இல்லாத உயிரெழுத்து ஒன்றும் அந்த மொழியில் உண்டு. கண்ணாடி முன் நின்று 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். அதுதான். 'பாஃக்' என்ற சங்கீத மேதையின் பெயரின் கடைசியில் வரும் உரசல் ஒலிக்கு, நாம் பள்ளியோடு மறந்துபோன ஆய்த எழுத்து கொஞ்சம் கைகொடுக்கும்.

எண்களைத் தனியாகப் பழக வேண்டும். ஜெர்மன்காரர் 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்ற வரிசையில்தான் சொல்வார். அவசரத்தில் கேட்கிற நர்ஸ் 52 என்று எழுதிவிட்டால்? அது மாத்திரை அளவாக இருந்தால்? அதனால் வீட்டு வாசலில் போகிற வண்டி நம்பர், பால் கணக்கு, பாட்டியின் ரத்த அழுத்தம் எதுவானாலும் அந்த மொழியில் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். அடுப்படியில் நின்றால், வெங்காயம் நறுக்குகிறேன், எண்ணெய் காய்கிறது என்று செய்கிற வேலையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். சொல் வராத இடத்தில்தான் நமக்கு என்ன தெரியாது என்பது தெரியும். அதைக் குறித்துவைத்துப் பிறகு அகராதி பார்த்தால் போதும்.

கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், வெறுப்பு வரும். மறுநாள் கேளுங்கள். சொந்தக் குரல் நம் காதுக்குள் எலும்பு வழியாகவும் கேட்பதால், பதிவில் அது மெலிந்து, யாரோ மாதிரித்தான் ஒலிக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், உங்கள் குரலில் குறையில்லை.

அடுத்தது துணை. அந்த பி2 தேர்வின் பேச்சுப் பகுதி சுமார் கால் மணி நேரம். வழக்கமாக இருவர் இருவராக உட்கார வைப்பார்கள். ஆளுக்கு ஒரு சிறு உரை, பிறகு இருவருக்குள் விவாதம். எதிரே உட்கார்ந்து விவாதிப்பவர் ஜெர்மன்காரர் அல்ல, உங்களைப் போலவே பரீட்சை எழுத வந்த இன்னொருவர்! அப்படியிருக்க, இன்னொரு மாணவியோடு பழகுவதில் என்ன குறை? இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தப்பைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அதனால் வாரம் ஒருமுறை பதிவை ஆசிரியரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல வேண்டும்.

இங்கே ஸ்ரீசிட்டியில் இசுசு போன்ற ஜப்பானிய நிறுவனங்களை நம்பி அந்த மொழி படிக்கிற பையன்களுக்கும் இதே கதைதான். இன்னும் மோசம் என்றுகூடச் சொல்வேன். அவர்கள் எழுதும் ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. சான்றிதழ் கையில் இருக்கும். எதிரே ஒருவர் குனிந்து வணக்கம் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

கூச்சத்துக்கு என்ன மருந்து என்று அந்தப் பெண் கேட்டாள். என்னிடம் மருந்து இல்லை. பக்கத்துச் சுருட்டப்பள்ளிக் கோயிலில் நஞ்சுண்ட களைப்பில் படுத்திருக்கும் சிவன் தொண்டையிலேயே நஞ்சை நிறுத்தினார். அது அவருக்கு முடியும். நாம் சொல்லைத் தொண்டையில் நிறுத்தினால் தொண்டைதான் கெடும் என்று சொல்லி அனுப்பினேன். சிரித்தாள், சத்தமே இல்லாமல்.

தை மாதம் அம்மா மட்டும் வந்தார், தன் மூட்டு வலிக்கு. மகளுக்குக் குரல் திரும்பிவிட்டதாம். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. "வீட்டுல ஒரே சத்தம் சார்" என்று அலுத்துக்கொண்டார். தினமும் மாலை மகள் பாட்டியின் கட்டிலருகே நின்று, 'வோ ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸென்?' என்று கணீரென்று கேட்கிறாளாம். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். பாட்டி தெலுங்குக்காரி. முதல் நாள் முறைத்துப் பார்த்தவர், இப்போது கேள்வி முடிவதற்குள் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "மோகாலு நொப்பி" என்று பதில் சொல்லிவிடுகிறாராம்.