மேலே விடுவது சுலபம்

பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டேயில் இந்திய வான் இயற்பியல் கழகத்துக்கு ஒரு வளாகம் இருக்கிறது. பலூன் விடக் கற்ற ஆராய்ச்சிக் குழுவின் கையில் அங்கே முதலில் இருந்தது கயிறு. பலூனைத் தரையோடு பிணைத்து மூன்று முறை பறக்கவிட்ட அனுபவத்தைக் குழு 2013ல் கட்டுரையாக வெளியிட்டது. நோக்கம் என்னவோ பெரியது: புற ஊதாக் கதிர்களை ஆராயும் கருவிகளை, விண்வெளிக்கு அனுப்புமுன் மலிவாகச் சோதித்துப் பார்ப்பது.

கயிறை அவிழ்த்ததும் தலைவலி ஆரம்பம். தேவனஹள்ளி விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் அனுமதியின்றி எதுவும் மேலே போக முடியாது. ரப்பர் பலூனைக் கையுறையோடுதான் தொட வேண்டும். விரல் பிசுக்கும் நகக்கீறலும் உயரத்தில் கிழிசலாகிவிடும். வாயுவின் அளவு தராசு சமாசாரம். கூடினால் பலூன் வேகமாக ஏறிச் சீக்கிரமே வெடிக்கும். குறைந்தால் மெல்ல ஊர்ந்து, காற்றோடு அடுத்த மாநிலத்துக்கே போய்விடும்.

அளவு சரியாக இருந்தால் விநாடிக்கு 5 மீட்டர் வேகம். 30 கிலோமீட்டரை எட்ட 100 நிமிடம். வழியில், 17 கிலோமீட்டர் வாக்கில், குளிர் மைனஸ் 80 டிகிரியை நெருங்குகிறது. பாட்டரிகள் சோர்ந்துபோகும் இடம் இது. உச்சியில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் சுமார் நூறில் ஒரு பங்குதான். ஆள் உயரத்தில் கிளம்பிய பலூன் அங்கே ஒரு வீட்டின் அகலத்துக்கு ஊதி, வெடிக்கிறது. பாரசூட் விரிகிறது.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் ஜி.பி.எஸ். பல மலிவு ரகக் கருவிகள் 18 கிலோமீட்டருக்கு மேல் ஊமையாகிவிடும். ஏவுகணைகளுக்குப் பயன்படாதிருக்க வைத்த பூட்டு அது. தெர்மோகோல் பெட்டியையும் அது ஏவுகணையாகவே நினைக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

உயரத்தில் இருக்கும்வரை ரேடியோ சமிக்ஞை பல நூறு கிலோமீட்டருக்குக் கேட்கும். தரையை நெருங்கும்போது, மிகவும் தேவைப்படும் அந்தக் கடைசி நிமிடங்களில், மேட்டுக்கும் மரத்துக்கும் பின்னால் மறைந்துவிடும். முழுத் தகவலும் பெட்டிக்குள் உள்ள மெமரி கார்டில். பெட்டி போனால் பல மாத உழைப்பும் போச்சு.

கிடைப்பதும் கிடைக்காததும் பாதி ஊர்க்காரர்கள் கையில். பல பத்தாண்டுகளாக ராட்சத பலூன்களை விடும் ஹைதராபாதின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன மையத்துக்கு இது பழகிய சங்கதி. கீழே விழும் கருவிகளைத் திறக்காதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று அது மக்களைக் கேட்டுக்கொள்கிறது. 2022 டிசம்பரில் அங்கிருந்து சென்ற ஆளில்லா சோதனைக் கலம் ஒன்று விகாராபாத் பகுதி வயலில் இறங்கியபோது, கிராமமே திரண்டு வேடிக்கை பார்த்தது.

மாணவர்களின் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு கூட்டம் சேராது. ஆனாலும் 'ஆபத்தில்லாத பொருள், இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்' என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டிய காகிதம் எந்த ஆன்டெனாவுக்கும் குறைந்ததல்ல. விழுவது ஏரியிலா, புளியமரத்திலா, கேழ்வரகு வயலிலா என்பது காற்றின் இஷ்டம். தேடப் போகும் வண்டியில் கம்ப்யூட்டரோடு நீளமான கழியும் ஏற்றியாக வேண்டும்.