பொறிகளுக்கு ஒரு பொதுமொழி

ஆலை ஒன்றில் கொதிகலன் ஒரு நிறுவனத்தினுடையது; அதன் வெப்பத்தை அளக்கும் கருவி மற்றொரு நிறுவனத்தினுடையது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாவிட்டால் என்ன ஆகும்? எல்லாக் கருவிகளையும் ஒரே நிறுவனத்திடம், அது சொல்லும் விலைக்கே வாங்க நேரும்.

இச்சிக்கலைத் தீர்க்க உதவியது ‘மோட்பஸ்’. 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட செய்தித்தொடர்பு விதிமுறை இது. விதிகள் வெளிப்படையானவை, எவரும் பின்பற்றலாம்.

தலைமைக் கருவி கேட்கும். துணைக் கருவிகள் விடை மட்டுமே கூறும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247க்குள் ஓர் எண் உண்டு. “17ஆம் எண்ணே, வெப்பநிலை என்ன?” என்பது போன்றது கேள்வி. செய்தியின் இறுதியில் வரும் சரிபார்ப்பு எண், வழியில் நேர்ந்த பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால், கேட்பவர் யார் என்று மூல விதிகள் சோதிப்பதில்லை. கம்பி ஆலைக்குள்ளேயே இருந்தவரை கவலையில்லை. இணையத்தோடு இணைத்துவிட்டால், அயலார் கட்டளைக்கும் பொறி பணியும். ஆகவே, காவலைத் தனியே அமைப்பது இன்றியமையாதது.